228 ரூபாய் குறைந்தது, 2,580 ரூபாய் போனது: ஆட்டோ டெபிட் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கூடவே வங்கி ஸ்டேட்மென்ட்டின் நகலும், கடன் வாங்கியபோது கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் வைத்திருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டை மராமத்து செய்ய 2025 தொடக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் வாங்கியிருக்கிறார். தவணை 8,740 ரூபாய். மாதாமாதம் 5ஆம் தேதி அவருடைய சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். ஆயுள் காப்பீட்டு பிரீமியம், மின் கட்டணம், வீட்டு இன்டர்நெட், மகன் பார்க்கும் வீடியோ செயலிக்கு மாதம் 349 ரூபாய் சந்தா என்று மற்றவையும் அதே கணக்கில் ஆட்டோ டெபிட்தான். ஓராண்டுக்கு மேல் எல்லாம் சரியாகவே ஓடியது.

போன மாதம் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் சம்பளம் இன்னும் போடவில்லை. ‘ஞாயிறு வங்கிக்கு லீவுதானே, திங்கட்கிழமைதான் எடுப்பார்கள், அதற்குள் சம்பளம் ஏறிவிடும்’ என்று இருந்துவிட்டார். ஞாயிறன்றே தவணை கேட்டு வந்து, பணம் போதாமல் திரும்பியது. 7ஆம் தேதி மறுபடியும் கேட்டு மறுபடியும் திரும்பியது. 8ஆம் தேதி சம்பளம் வந்தவுடன், நிறுவனம் அனுப்பிய லிங்க்கில் தவணையைக் கட்டிவிட்டார். அதன் பிறகு 10ஆம் தேதி அதே தவணை இன்னொரு தடவை கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. நடுவில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் போன் செய்து, “இது செக் பவுன்ஸ் மாதிரி கிரிமினல் கேஸ் மேடம், போலீஸ் வீட்டுக்கே வரும்” என்றிருக்கிறார்.

“என்னைக் கைது செய்ய முடியுமா? பிடித்த பணம் திரும்ப வருமா? வங்கியில் எழுதிக் கொடுத்து எல்லா மேண்டேட்டையும் (தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) நிறுத்திவிடு என்கிறான் தம்பி. லண்டனில் இருக்கும் நாத்தனாரோ, தவறாக எடுத்தால் வங்கி அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறார். இனிமேல் எல்லாவற்றையும் கையாலேயே கட்டிவிடலாமா? என் கணவருக்கு இது எதுவும் தெரியாது” என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களைக் கைது செய்ய யாரும் வரப்போவதில்லை.

போனில் பேசியவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல, அதனால்தான் அது பயமுறுத்துகிறது. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் 25ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கடனுக்காகக் கொடுத்த மின்னணு மேண்டேட் பணம் இல்லாமல் திரும்பினால், காசோலை திரும்பினால் என்ன தண்டனையோ அதே தண்டனைதான்: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் திரும்பிய அந்த நிமிஷமே அது குற்றம் ஆகிவிடாது. பணம் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாமல் விட்டால்தான் குற்றம் என்ற கட்டமே வரும். அப்போதும் அவர்கள் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டுமே தவிர, போலீஸ் நேராக உங்கள் வாசலுக்கு வரும் வழக்கு அல்ல இது. நீங்கள் மூன்றே நாளில் முழுத் தவணையையும் கட்டியாயிற்று. நோட்டீஸ் என்று எதுவும் வரவும் இல்லை. இதில் வழக்குக்கு இடமே கிடையாது.

இன்னொன்றும் கேளுங்கள். கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வந்த அந்த அழைப்பே விதிமீறல். உங்கள் போனில் அழைப்புப் பட்டியல் இன்னும் இருக்கும். அந்த எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் எழுதும்போது வேண்டியிருக்கும்.

அந்த 228 ரூபாய்

உங்கள் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். நீங்கள் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு உங்கள் கணக்கில் இருந்தது 8,861 ரூபாய். தவணைக்குப் போதுமான பணம், 121 ரூபாய் மிச்சம்கூட இருந்திருக்கும். சனிக்கிழமை காலை வீடியோ செயலியின் சந்தா 349 ரூபாய் போனது. மீதி 8,512. ஞாயிறன்று 8,740 கேட்டு வந்தபோது 228 ரூபாய் குறைந்தது. திரும்பியதற்கு வங்கி 500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாயுமாக 590 பிடித்தது. மீதி 7,922. எனவே 7ஆம் தேதி மறுபடி கேட்டபோது குறைந்தது 228 அல்ல, 818. மறுபடியும் 590. நிறுவனம் தன் பங்குக்குத் தடவைக்கு 700 வீதம் 1,400 போட்டிருக்கிறது. ஆகமொத்தம் 2,580 ரூபாய்.

சம்பளம் தாமதமானதால் வந்த வினை என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வராமலேயே அந்தத் தவணை போயிருக்கும். மகன் பரீட்சைக்காக அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்கி இரண்டு மாதமாகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்பது பலரும் நம்பும் ஒன்று. நிற்காது. செயலி போனில் இருக்கிறது, சந்தாவுக்கு நீங்கள் கொடுத்த அனுமதி யுபிஐயில் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. யாரும் பார்க்காத ஒரு சந்தா, கடன் தவணையைத் தட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். தவணை போகும் வழிக்கு நாச் என்று பெயர், நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்துவது. முன்பு வங்கி வேலை நாட்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் நினைத்தது அன்றைக்குச் சரி. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் ஓடுகிறது. கிளை பூட்டியிருக்கும், கணக்கு திறந்தே இருக்கும். தவணைத் தேதி லீவு நாளில் வந்தால் முந்தின வேலை நாள் மாலைக்குள் பணம் கணக்கில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்டது என்ன

“கம்பெனிக்காரனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தது போல ஆகிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மேண்டேட் என்பது எல்லை போட்டுக் கொடுத்த அனுமதி. அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டி ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், அந்த எல்லையை யாரும் படிப்பதில்லை. உங்கள் படிவத்தைப் பாருங்கள். தவணை 8,740, ஆனால் அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தில் 20,000 என்று இருக்கிறது. எத்தனை முறை என்ற இடத்தில் ‘மாதம் ஒருமுறை’ என்பதில் டிக் இல்லை. ‘சமர்ப்பிக்கும்போதெல்லாம்’ என்று பொருள்படும் கட்டத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரே மாதத்தில் மூன்று முறை கேட்க முடிந்தது அந்த ஒரு டிக்கினால்தான். இது மோசடி இல்லை, கடன் கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். தாமதக் கட்டணத்தையும் சேர்த்து எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தொகையைக் கூட்டி வாங்கிக்கொள்வார்கள். கடன் கையெழுத்தாகும் மேசையில் இருபது இடத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்து ‘இங்கே, இங்கே’ என்று விரலால் காட்டும்போது யாரால் படிக்க முடிகிறது? இருந்தாலும் அடுத்த தடவை இந்த இரண்டு கட்டங்களை மட்டுமாவது நின்று படியுங்கள். மாதம் ஒருமுறை என்று மாற்றித் தரக் கேளுங்கள். கேட்டால் சில இடங்களில் மாற்றித் தருகிறார்கள்.

ஆனால் ஒன்று. மேண்டேட் என்பது பணத்தை வாங்கும் வழி மட்டும்தான். தீர்ந்துபோன பாக்கியை மறுபடி வாங்கும் உரிமையை அது தராது. 8ஆம் தேதி கட்டிய தவணையை 10ஆம் தேதி மறுபடி எடுத்தது தவறு. அந்த 8,740 உங்கள் பணம்.

24 மணி நேர எஸ்எம்எஸ் எதற்கு வரும், எதற்கு வராது

தவணைக்கு முன்னால் எச்சரிக்கை வரவே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு வழிகளைக் குழப்பிக்கொள்கிறோம்.

கார்டு, யுபிஐ, வாலட் வழியாகப் போகும் ஆட்டோ டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கி தனி விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் அதிலேயே விலகிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போனால் நீங்கள் ஓடிபி போன்ற ஒன்றைக் கொடுத்து மறுபடி உறுதி செய்தால்தான் பணம் போகும். காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வரம்பு ஒரு லட்சம். வெள்ளிக்கிழமை வந்த எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். 349 ரூபாய்க்கான தகவல், தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே அநேகமாக அங்கேதான் இருக்கும்.

தவணை போனது நாச் வழியில். இந்த 24 மணி நேர விதி அதற்கானது அல்ல. நிறுவனம் நினைவூட்டலாம், நினைவூட்டாமலும் விடலாம். அதை நம்பி இருக்காதீர்கள். 3ஆம் தேதிக்கு உங்கள் போனிலேயே ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் சொன்னதும் அவர் இருக்கும் ஊருக்குச் சரிதான். பிரிட்டனில் டைரக்ட் டெபிட் கியாரண்டி என்று ஒரு ஏற்பாடு உண்டு. தொகையிலோ தேதியிலோ தவறு நடந்தால் கணக்கு வைத்திருக்கும் வங்கியே உடனடியாக முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிடும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட பொதுவான உத்தரவாதம் கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டோ டெபிட்டை இத்தனை வேகமாகப் பரப்பிவிட்டு, தவறு நடந்தால் திரும்பப் பெறும் வேலையை மட்டும் வாடிக்கையாளர் தலையிலேயே வைத்திருப்பது நியாயம் இல்லை.

யாரென்றே தெரியாத ஒருவர், நீங்கள் அனுமதியே தராமல் பணம் எடுத்தால் கதை வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாளால் நடந்ததாக இருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக் கூடாது. நாள் ஆக ஆக அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். வங்கி எஸ்எம்எஸ்களை ‘படித்ததாக’ ஒரே தட்டில் ஒதுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

தம்பியின் யோசனை

அக்காவின் பணம் போகிறதே என்ற பதற்றத்தில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும் வசதி இருப்பது உண்மை. வங்கிக்கு எழுதிக் கொடுத்து மேண்டேட்டை ரத்து செய்யலாம், பல வங்கிகளில் இணையத்திலேயே செய்யலாம். ஆனால் மேண்டேட்டை ரத்து செய்தால் நிற்பது பணம் போகும் வழி மட்டும்தான். கடன் அப்படியே இருக்கும், 5ஆம் தேதி அப்படியே வரும். கடன் ஒப்பந்தத்தில் ‘கடன் முடியும் வரை செல்லுபடியாகும் மேண்டேட் இருக்க வேண்டும்’ என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ரத்து செய்தால் அதற்கே ஒரு கட்டணம் போடும் நிறுவனங்களும் உண்டு. ஒரு மாதம் மறந்துபோனால், யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைத்திருக்கும் சிபில் போன்ற நிறுவனங்களில் உங்கள் பெயருக்கு எதிரே தாமதம் ஏறும். நாளைக்கு மகன் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஆகவே தவணையின் மேண்டேட்டை இப்போது தொடாதீர்கள். கடன் முழுதாக முடிந்ததும் மறக்காமல் ரத்து செய்யுங்கள். படிவத்தில் இருக்கும் முடிவுத் தேதி கடைசித் தவணைக்குப் பிறகும் பல வருஷம் நீள்கிறது, கடன் முடிந்ததும் அது தானாகச் சாகாது. கடன் தீர்ந்த சான்றிதழ் வாங்கப் போகும் அன்றே, ஆரம்பத்தில் கொடுத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

எதை விடலாம், எதை நிறுத்தலாம்

எல்லாவற்றையும் கையால் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டதும் சரியில்லை, எல்லாவற்றையும் பிடுங்குவதும் சரியில்லை. ஒரு பில்லைப் பார்த்து நான் கேட்கும் கேள்வி இரண்டுதான். தொகை மாறுமா? தவறினால் என்ன போகும்?

தவணைக்குத் தொகை மாறாது, தவறினால் நிறையப் போகும். அது ஆட்டோவிலேயே இருக்கட்டும். தேதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் சம்பளம் 1 முதல் 8 வரை எப்போது வேண்டுமானாலும் வருகிறது என்று ஸ்டேட்மென்ட் சொல்கிறது. அப்படி இருக்க 5ஆம் தேதியில் தவணை வைத்தது ஆரம்பத்திலேயே நடந்த பிழை. 10ஆம் தேதிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சில நாள் வட்டி கூடலாம், அது 590ஐ விடக் குறைவுதான்.

காப்பீட்டு பிரீமியத்தையும் ஆட்டோவிலேயே விடுங்கள், ஆனால் இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். சில வருஷம் முன்பு என்னிடம் வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. மருத்துவக் காப்பீட்டை டெபிட் கார்டில் ஆட்டோவாக வைத்திருந்தார். கார்டு காலாவதியாகி, தபாலில் புது எண்ணோடு புது கார்டு வந்தது. பழைய கார்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார், அதோடு பிரீமியமும் நின்றது அவருக்குத் தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் எப்போதோ விட்டுவந்த வேலையின் அலுவலக முகவரிக்குப் போயிருந்தன. மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கவுண்டரில் பாலிசி அட்டையை நீட்டியபோதுதான் அது ஏழு மாதம் முன்பே காலாவதியானது தெரிந்தது. வங்கிக் கணக்கில் பணம் இருந்தது, கட்டும் மனமும் இருந்தது. கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. ஆட்டோ டெபிட் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது கட்டும் வேலையை மட்டும்தான், பார்க்கும் வேலை நம்மிடமேதான் இருக்கிறது என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பாலிசி மாதாந்திர பிரீமியம். தவறினால் 15 நாள்தான் சலுகைக் காலம். காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்றால் 30 நாள். முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கட்டும்படி மாற்றிவிடுங்கள். கணக்கைத் தட்டும் கை ஒன்று குறையும்.

மின் கட்டணத்தை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில், வெயில் காலத்தில் ஒரு தொகை, மழைக் காலத்தில் ஒரு தொகை. கணக்கெடுப்பில் ஓர் எண் தவறினால்கூட யூனிட் கூடி அடுத்த அடுக்குக் கட்டணத்துக்குத் தாவிவிடும். கட்டுவதற்கு முன் பார்த்தால் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம், கட்டியபின் கேட்டால் ‘அடுத்த பில்லில் சரி செய்கிறோம்’ என்பார்கள். என் வீட்டு மின் கட்டணத்தை நான் கையால்தான் கட்டுகிறேன். போனில் இரண்டு நிமிஷ வேலை. முன்பு போல வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. அப்புறம், ஆட்டோவை விடவே முடியாது என்றால் அதிகபட்சத் தொகை ஒன்றை வைத்துவிடுங்கள், அதைத் தாண்டிய பில் தானாகப் போகாது.

இன்டர்நெட் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

வீடியோ செயலியின் சந்தாவை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பணம் அனுப்பும் யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்று ஒரு பகுதி இருக்கும். திறந்தால் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும் அனுமதிகள் எல்லாம் வரிசையாக வரும். அங்கேயே ரத்து செய்து யுபிஐ ரகசிய எண்ணைப் போட்டால் முடிந்தது. முதல் மாதம் ஒரு ரூபாய் என்று ஆசை காட்டி அனுமதி வாங்கிய வேறு ஏதாவதும் அங்கே ஒளிந்திருக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது. அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் தவணையையும் பிரீமியத்தையும் அதற்கு மாற்றுங்கள். சம்பளம் வந்த அன்றே தேவையான தொகையை அங்கே தள்ளிவிடுங்கள். மளிகைக்கும் சந்தாவுக்கும் அந்தக் கணக்கை எட்டவே விடாதீர்கள். புது மேண்டேட் பதிவாகி ஒரு தவணை போன பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும், முன்னால் செய்துவிடாதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்பது

கேட்க வேண்டியது மூன்று, மூன்றுக்கும் பலம் வேறு வேறு.

இரண்டாவது முறை எடுத்த 8,740 ரூபாயில் சந்தேகமே இல்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 8ஆம் தேதி கட்டிய ரசீது, 10ஆம் தேதி எடுத்த ஸ்டேட்மென்ட் வரி இரண்டையும் இணையுங்கள். ‘அடுத்த தவணையில் கழித்துக்கொள்கிறோம்’ என்று சொல்லக்கூடும். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஏற்கலாம், ஆனால் அதை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த 5ஆம் தேதி மறுபடி எடுத்துவிடுவார்கள்.

நிறுவனம் போட்ட 1,400க்கு வாதாட இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1க்குப் பிறகு அனுமதித்த கடன்களில், முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்திருக்க வேண்டும். அதில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. உங்கள் கடன் 2025இல் வாங்கியது, எனவே பொருந்தும். பவுன்ஸ் கட்டணம் 700 என்று அந்தத் தாளில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதல் 700 அவர்களுக்குச் சேரும். இரண்டாவது 700ஐக் கேளுங்கள்: உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டே நாளில் மறுபடி அனுப்பி, அதற்கும் கட்டணம் போட்டது சரியா என்று. தவணை தாமதத்துக்கு அபராதம் போட்டால் அதன் மேல் வட்டி போடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வங்கி பிடித்த 1,180 ரூபாய் கடினம். கட்டணப் பட்டியலில் இருப்பதைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஓராண்டாக ஒரு தடவைகூடத் திரும்பாத கணக்கு என்று சொல்லி, கிளை மேலாளரிடம் ஒன்றையாவது விட்டுக்கொடுக்கக் கேட்கலாம். நேரில் போனால் நடக்க வாய்ப்பு அதிகம்.

நிறுவனத்திடமிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்திருந்தால்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் போனில் பேசாதீர்கள், எழுதுங்கள் என்கிறேன். சிபில் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அடுத்த மாதம் எடுத்துப் பாருங்கள். மூன்று நாள் தாமதத்தை மூன்று மாதத் தாமதம் போலப் பதிவு செய்திருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். திட்டு விழுமோ என்று பயப்படுகிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஸ்டேட்மென்ட்டை மேசையில் வைத்து 8,861லிருந்து ஆரம்பித்துக் காட்டுங்கள். யார் மேலும் பழி போட வேண்டாத கணக்கு அது, பார்த்தாலே புரியும். அப்போதே இருவருமாக உட்கார்ந்து, எந்தக் கணக்கிலிருந்து யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதி, காப்பீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். இன்றைக்கு அந்த விவரம் முழுவதும் உங்கள் ஒருவர் தலையில்தான் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாரம் உடம்பு முடியாமல் போனால் அவருக்கு எதுவும் தெரியாது.

மின்னஞ்சல் அனுப்பியதும் புகார் எண் ஒன்று வரும். அதையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். 30 நாள் கழித்தும் பணம் வரவில்லை என்றால், ஆம்பட்ஸ்மனுக்கு அனுப்ப வேண்டிய புகாரை நானே படித்துத் திருத்தித் தருகிறேன்.